முன்னூற்றுப் பதினெட்டுச் சாமான்

ஒரு குடும்பம் மானத்தோடு வாழ வேண்டுமானால் அதற்கு முன்னூற்றுப் பதினெட்டுச் சாமான்கள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது குடும்பம் ஆகாது. சத்திரத்தில் வந்து தங்கியிருக்கும் கூட்டம் என்றுதான் அதைச் சொல்ல முடியும். இந்த உண்மை எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. கொல்லிமலை அடிவாரத்தில் பன்னிரண்டு ஏக்கர் தோட்டமும் இரண்டு கிணறும் வைத்திருந்த வெங்கிடுசாமி, தம் சொந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்தது. ஆராய்ச்சி முறை மிகவும் எளிமையானது. தம் வீட்டிலிருந்த சாமான்களை அவர் எண்ணினார். முன்னூற்றுப் பதினெட்டு வந்தது.

கல்யாணமோ கருமாதியோ, நாலு பேர் கூடிய இடத்தில் இதை அவர் எடுத்துச் சொல்லாமல் இருந்ததில்லை. யாரும் மறுத்துப் பேசியதுமில்லை. மறுத்துப் பேசக்கூடியவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவரிடமிருந்துதான் அண்டா வாங்கிப் போக வேண்டியிருந்தது.

முன்னூற்றுப் பதினெட்டில் நூற்று நாற்பத்தொன்று பித்தளை. அவற்றைத் துலக்குவது அவருடைய மனைவி பழனாயி. எண்ணும்போது பழனாயியையும் சேர்த்து எண்ணினாரா என்பது தெரியவில்லை. இருபத்தாறு வருஷப் புளியிலும் சாம்பலிலும் அவள் விரல் நுனிகள் வெடித்து, நகக்கண்ணில் களிம்பு பச்சையாக ஏறியிருந்தது. சோற்றைப் பிசைந்தால் சோறு பித்தளை நாறியது. மகள் ஆத்தாயிக்குச் சின்ன வயசில் எண்ணெய் தேய்த்துவிட்டால் பிள்ளையின் தலை பித்தளை நாறியது. விடியக்காலையில் சாமான் அறைக் கதவைத் திறந்ததும் வரிசை வரிசையாக அவை இளிப்பதைப் பார்க்கையில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். மசக்கை என்று இரண்டு முறை மருத்துவச்சியைக்கூடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மீதிச் சாமான்களும் லேசுப்பட்டவை அல்ல. பெண்டுலம் இல்லாத கடிகாரம் ஒன்று. கண்ணாடி உடைந்த லாந்தர் ஆறு. குதிரையே வளர்த்திராத குடும்பத்தில் ஒரு குதிரைச் சேணம். சாவி தொலைந்த பூட்டுகளும் பூட்டுத் தொலைந்த சாவிகளும் போட்டு வைத்த ஒரு தகரப்பெட்டி. அந்தப் பெட்டிக்கு மூடி கிடையாது. இவற்றுக்கு இடையில் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தின. ராத்திரி முழுக்க அறைக்குள் சந்தை கூடியது போலச் சத்தம் கேட்கும். பழனாயி எலிப்பொறி கேட்டாள். வீட்டில் ஏற்கெனவே நாலு எலிப்பொறி இருப்பதாக வெங்கிடுசாமி சொன்னார். இருந்தன. சாமான்களுக்கு அடியில் எங்கேயோ இருந்தன.

அவருடைய ஆராய்ச்சிக்கு எதிர்ப்பதம் மாதிரி ஓர் ஆள் இருந்தான். மலை மேல் அரியூர் நாட்டுச் செங்கோடன். சந்தை நாளில் மிளகும் பலாப்பழமும் சுமந்து இறங்குகிறவன், திரும்பும் வழியில் வெங்கிடுசாமியின் மாட்டுக் கட்டுத்தறியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போவான். ஒருநாள் அவனிடம் அவர் கேட்டார்.

"ஏன் செங்கோடா, உன்ற ஊட்டுக்குள்ளாற மொத்தம் எத்தன சாமான் இருக்கும்?"

செங்கோடன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலை மடக்கினான். பானை, சட்டி, அகப்பை, பாய், கம்பளி, முறம், கொடுவாள், தண்ணிச் சுரைக்குடுக்கை.

"எட்டுங்க." கொஞ்சம் யோசித்தான். "நாயச் சேத்துனா ஒம்போதுங்க."

"நாயி சாமானாடா?"

"தொலஞ்சு போனா நாங்க தேடறது அது ஒண்ணத்தானுங்க."

உரல் வேண்டாமா என்றதற்கு, ஊருக்குப் பொதுவில் பாறையில் குழி இருக்கிறது என்றான். விருந்தாளி வந்தால் என்ன செய்வாய் என்றதற்கு, பெரிய பானை கோயிலில் இருக்கிறது, எடுத்துப் போய்ச் சமைத்துவிட்டுக் கழுவிக் கொண்டுபோய் வைப்போம் என்றான். வெங்கிடுசாமிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இளகிய மனசுக்காரர். உள்ளே போய்ப் பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். செங்கோடன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான், கும்பிட்டான், மோரைக் குடித்து முடித்தான். போகும்போது சொம்பைக் கட்டுத்தறிச் சுவரின் மேல் பதனமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த சந்தைக்கு வந்தபோது கேட்டதற்கு, "வெச்சுக்க எடமில்லீங்க" என்றான்.

அதிலிருந்து எட்டு வருஷம் வெங்கிடுசாமிக்கு விருந்தாளிகளைச் சிரிக்க வைக்க வேறு கதை தேவைப்படவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையாலும் இல்லாத சொம்பைப் பிடித்து, இல்லாத சுவரின் மேல் கவிழ்த்து, பின்னுக்கு நடந்து காட்டுவார். "எடமில்லீங்களாமா. எட்டுச் சாமானுக்கு மேல எடமில்லீங்களாமா." பழனாயியும் விருந்தாளிகளோடு சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு அந்தச் செங்கோடன் பெண்டாட்டியின் விரல்கள் எப்படி இருக்கும் என்ற நினைப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் வந்துபோகும்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் ஊரில் எலி விழுந்தது. பிளேக்கு வருவதற்கு முன்னால் எலிதான் சாகும் என்பது அந்தக் காலத்தில் குழந்தைக்கும் தெரியும். விட்டத்திலிருந்து பொத்தென்று விழும், குடித்தவனைப் போல இரண்டு சுற்றுச் சுற்றும், மல்லாந்துவிடும். அடுத்த வாரம் அந்த வீட்டில் யாருக்காவது அக்குளில் கட்டி வரும். ஊர்ச் சனம் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தோட்டங்காடுகளில் சோளத்தட்டுக் குடிசை போட்டுக் குடியேறியது.

வெங்கிடுசாமியின் வீட்டில் ஆத்தாயி தலைச்சன் பேறுக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்துவிட்டது. அவள் புகுந்த ஊரிலும் எலி விழுந்திருந்ததால் திருப்பி அனுப்ப முடியாது. தோட்டத்தில் அவரும் ஒரு குடிசை போட்டிருக்கலாம். ஆனால் முன்னூற்றுப் பதினெட்டுச் சாமான் எந்தக் குடிசையில் அடங்கும்? வீட்டில் விட்டுப் பூட்டினாலோ ஆளில்லாத ஊரில் திருடனுக்குக் கொண்டாட்டம். ஒரு பகல் பூராவும் யோசித்துவிட்டு அவர் அறிவித்தார்.

"மலையில திருடனில்ல. திருடறதுக்கு ஒண்ணுமே இல்லாததுனால அவனுக யாரும் திருடப் பழகல. செங்கோடன் ஊருக்குப் போறோம்."

பிள்ளையை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம், சாமான் கிடக்கட்டும் என்றாள் பழனாயி. வெறுங்கையோடு போய் நின்றால் செங்கோடன் நம்மை யாரென்று நினைப்பான் என்றார் அவர். மூட்டை கட்ட இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் தெற்குத் தெருவில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் பண்ணையாட்கள் பன்னிரண்டு பேரும் வாடகைக் கழுதைகள் எட்டும் வரிசையாக மலையேறின. ஆத்தாயி ஒவ்வொரு கொண்டைத் திருப்பத்திலும் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. ஒரு கழுதையின் மேல் அந்தக் குதிரைச் சேணம் கட்டியிருந்தது. அதன் மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்றாள் பழனாயி. சேணம் கெட்டுப்போகும் என்றார் வெங்கிடுசாமி. அவர் கெட்ட மனிதர் அல்ல. மகளுக்குத் தண்ணீர் கொடுத்தார், முந்தானையால் விசிறச் சொன்னார், இன்னும் கொஞ்ச தூரந்தான் கண்ணு என்று ஏழெட்டு முறை சொன்னார். பழனாயி அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். முதுகுகூடப் பித்தளை நாறுவதுபோல் இருந்தது.

ஊர் எல்லையில் ஒரு கல்லும் பக்கத்தில் பெரிய பலாமரமும் இருந்தன. பாதையின் குறுக்கே சாம்பலால் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் செங்கோடனும் இன்னும் நாலு பேரும் தடியோடு நின்றார்கள்.

"ஏனுங்க, அங்கயே நில்லுங்க" என்றான் செங்கோடன். அவன் குரலில் எப்போதும் உள்ள மரியாதை குறையவில்லை. "ஊர்க்கவுண்டர் சொல்லிப்போட்டாருங்க. ஆளு வரலாம். அந்தச் சுனையில தலமுழுகிப் போட்டு, கட்டியிருக்கற துணிய அங்கயே அவுத்துப் போட்டு, நாங்க குடுக்கற துணியக் கட்டிக்கிட்டு வரலாமுங்க. பத்து நாளைக்குச் சாமக்காட்டுக் கொட்டாய்ல தனிச்சு இருக்கோணும். சாமான் இந்தக் கல்லத் தாண்டக்கூடாதுங்க."

"எந்தச் சாமான்?"

"எதுவும்ங்க."

"சாமானுக்குப் பிளேக்கு வருமாடா?"

"சாமானுக்கு வராதுங்க. அதுக்குள்ளாற குடியிருக்கறதுக்கு வருமுங்க."

வெங்கிடுசாமி திரும்பிப் பார்த்தார். பண்ணையாட்கள் சுமைகளைப் பலாமரத்தடியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கீழே பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். கழுதைக்காரனையும் இழுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்கள்.

முன்னூற்றுப் பதினெட்டையும் நடுக்காட்டில் போட்டுவிட்டு வர வெங்கிடுசாமி சம்மதிக்கவில்லை. மூன்று பேரும் மரத்தடியிலேயே தங்கினார்கள். வேளைக்கு வேளை செங்கோடன் சாமைச்சோறும் அவரைக்காய்க் குழம்பும் வாழையிலையில் கட்டிக் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நிற்பான். வெங்கிடுசாமி எடுக்கப் போகும்போதெல்லாம் பேரம் நடக்கும். முதல் நாள் இருநூறு சாமானை விட்டுவிடுகிறேன் என்றார். அன்று சாயங்காலம் ஐம்பது மட்டும் அனுமதித்தால் போதும் என்றார். இரண்டாம் நாள் பன்னிரண்டுக்கு இறங்கினார். செங்கோடன் ஒவ்வொரு தொகையையும் தலையாட்டிக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க" என்பான்.

கார்த்திகைப் பனிமூட்டம் மரத்தடிவரை இறங்கிவந்து நின்றது. பிறகு அதுவே தூறலாயிற்று. புளிப்பானை கழுதை முதுகிலேயே விரிசல் விட்டிருந்தது. புளித்தண்ணீர் கசிந்து மெத்தைகளில் ஊறி, மெத்தைகள் ஊதிக்கொண்டன. கருவாட்டுக் கூடைக்குள் எறும்பு ஏறியது. நனைந்த சாக்கு, நனைந்த கழுதைச் சாணி, நனைந்த பித்தளை. ஆத்தாயிக்குப் படுக்க முழங்கை அகலத்துக்கு ஈரமில்லாத இடம் கிடையாது. அத்தனை சாமானில் மேலே பிடிக்க ஒன்றுகூட இல்லை. குடைகள் மூன்று இருந்தன, மூன்றிலும் கம்பிதான் மிச்சம். வெங்கிடுசாமி காலையில் எழுந்ததும் எண்ணுவார். சரியாக இருந்ததும் முகம் தெளியும்.

மூன்றாம் நாள் ஆத்தாயி இடுப்பு வலிக்கிறது என்றாள். பிரசவ நோக்காடு இல்லை, ஈரத்தில் கிடந்த வலிதான். பழனாயி மகளுக்குப் போர்த்த உலர்ந்த துணி தேடினாள். பெரிய அண்டாவுக்குள் ஒரு ரெட்டுப் போர்வை நனையாமல் இருக்கும் என்ற நினைப்பில் மூடியைத் தூக்கினாள்.

போர்வை நனையவில்லைதான். அதன் நடுவில் பெருச்சாளி அளவுக்கு ஓர் எலி வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது. வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. அது பஞ்சுபஞ்சாகக் கடித்துக் குதறிய துணிக்குள் ரோசா நிறத்தில் மயிர் முளைக்காத குஞ்சுகள் ஆறேழு. அவற்றில் இரண்டு இன்னும் நெளிந்தன. மூடியைத் தூக்கிய வேகத்தில் தெள்ளுப்பூச்சிகள் எள்ளைத் தூவியதுபோல் அவள் முன்கையில் தெறித்தன.

பழனாயி தள்ளிப்போய் வாந்தி எடுத்தாள். மூன்று நாளாகத் தின்ற சாமைச்சோறு மட்டும் வரவில்லை. இருபத்தாறு வருஷமும் சேர்ந்து வருவதுபோல் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தபோது வெங்கிடுசாமி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மூடியை மெல்ல மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் வார்த்தை நிதானமாக வந்தது.

"இத வெளிய சொல்லாத. குச்சியில எடுத்து வீசிப்போடலாம். அண்டாவக் கழுவிக்கிட்டாச் சரியாப்போகும்."

"யாரு கழுவறது?" என்றாள் பழனாயி.

அவள் உரத்துக் கேட்கவில்லை. அவள் கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டு, மகளை எழுப்பி, தோளில் சாய்த்துக்கொண்டு கல்லுக்கு நேராக நடந்தாள். பின்னாலிருந்து அவர், ஏய், நில்லு, அந்த வெற்றிலைப்பெட்டியையாவது எடு என்று கூப்பிட்டது காதில் விழுந்தது.

கல்லுக்கு அந்தப் பக்கம் செங்கோடனின் மனைவி பாப்பாத்தி சோற்றுப் பொட்டணத்தோடு வந்து நின்றிருந்தாள். பழனாயி அவளை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறாள். முதலில் கண் போனது விரல்களுக்கு. கறுத்து, காய்ப்பேறி, ஆனால் வெடிப்பில்லாத விரல்கள்.

மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால், போங்கள் கீழே என்று விரட்டிவிடுவார்கள். அவர்கள் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்டாவுக்குள்ளாற எலி செத்துக் கெடக்குது" என்றாள். "கையில பூச்சி ஏறிருச்சு. காச்சல் இன்னும் யாருக்கும் இல்ல. எனக்கு என்ன வேணா ஆவட்டும். இவள உட்டுருங்க."

பாப்பாத்தி ஆத்தாயியின் வயிற்றைப் பார்த்தாள். பொட்டணத்தைக் கல்லில் வைத்துவிட்டு ஊருக்குள் திரும்பிப் போனாள். அவள் வர ஒரு நாழிகை ஆயிற்று. அந்த ஒரு நாழிகையும் தாயும் மகளும் தூறலில் கோட்டின் மேல் நின்றார்கள்.

"பத்து நாள இருவதாக்கிப் போட்டாங்கம்மா" என்றாள் வந்தவள். "சாமக்காட்டுக் கொட்டாய்க்கு இந்தால போற தடத்துல போங்க. ஊருக்குள்ள காலு வெக்கப்படாது. நாங்க கிட்ட வரமாட்டோம், சோறு மட்டும் கொண்டாந்து வெப்போம். மொதல்ல போயி முழுகுங்க. சுனத்தண்ணி சில்லுனு இருக்கும், பல்லக் கடிச்சுக்க அம்மிணி."

தாலியையும் உடம்பையும் தவிர எல்லாவற்றையும் சுனைக்கரையில் போட்டுவிட்டு, மலைக்காரிகள் கட்டுவதுபோல் அக்குளோடு துணியை முடிந்துகொண்டு இருவரும் சாமைக்காட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மரத்தடிச் சாமான்களைக் கொளுத்திவிடுவதென்று ஊர் முடிவு செய்தது. வெங்கிடுசாமி மறுநாள் உச்சிப்பொழுதுவரை அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் காய்ந்த விறகைச் சுமந்து வந்து அவரைச் சுற்றிலும் மரியாதையாக அடுக்கினார்கள். கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்க என்றார்கள். நகர்ந்து நகர்ந்து அவர் சுனைக்கு வந்துவிட்டார். முழுகி எழுந்து அவர்கள் கொடுத்த கோவணத்தோடு கோட்டைத் தாண்டும்போது இடுப்பில் பொடிமட்டை செருகியிருந்தது. செங்கோடன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவர் திரும்பிப் போய், அதற்குள் பற்றியெரியத் தொடங்கியிருந்த சாமான் தீயில் அதையும் போட்டுவிட்டு வந்தார்.

கொட்டகையில் ஒரு பானை, ஒரு சட்டி, அகப்பை, இரண்டு பாய், இரண்டு கம்பளி, கொடுவாள், சுரைக்குடுக்கை இருந்தன. சட்டி, பானைக்கு மூடியாகவும் இருந்தது. பிச்சைக்காரன் மூட்டையில் இதைவிட அதிகம் இருக்கும் என்றார் வெங்கிடுசாமி. முதல் நாள் பழனாயி பழக்கதோஷத்தில் அந்த மண்பானையை மூன்று முறை கழுவினாள். அப்புறமும் பொழுது உச்சிக்கு வரவில்லை. அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மடியில் வைத்தாள், அது யாருடைய கையோ போலக் கிடந்தது. நாலாம் நாள் கையை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். சாமை உமியின் மணமும் புகையின் மணமும்தான் இருந்தன.

காலையும் மாலையும் மகளின் அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்ப்பாள். கட்டி இல்லை என்றதும் அவள் தலையை மடியில் இழுத்து ஈர் உருவுவாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஆத்தாயி இவ்வளவு நேரம் அவளிடம் பேசியதில்லை. அவள் பேசவந்த நேரத்திலெல்லாம் இவள் அறைக்குள் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அங்கயும் எரநூறு இருக்குதும்மா" என்றாள் ஆத்தாயி. "உங்க மாப்பிள்ள சாயங்காலமானா எண்றாரு."

பழனாயி ஈரைக் குத்திக்கொண்டே இருந்தாள். பிறகு காறித் துப்பினாள்.

ஆறாம் நாள் ஆத்தாயிக்கு உடம்பு கொதித்தது. கட்டி தெரியவில்லை, ஆனால் முதலில் காய்ச்சல், அப்புறந்தான் கட்டி. ஓடை தூரத்தில் இருந்தது. ஈரத்துணி போட்டுப் போட்டு எடுக்க ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீர் எந்த மூலைக்கு? வெங்கிடுசாமி பதினாலு நடை நடந்தார். ஒரு குடம் இருந்திருந்தால் நாலு நடையில் முடிந்திருக்கும் என்று அவர் முனகியது நியாயந்தான். பழனாயியும் அதை மறுக்கவில்லை. பதினைந்தாவது நடையின்போது கொட்டகைக்கு வெளியில் ஒரு மண்குடம் இருந்தது. யார் வீட்டுக் குடமோ. காய்ச்சல் இறங்கியதும் அவள் அதை வெந்நீரில் கழுவி வெயிலில் வைத்தாள். மூன்றாம் நாள் அதைக் காணோம். தேவை முடிந்ததென்று எடுத்துப் போய்விட்டார்கள்.

பதிமூன்றாம் நாள் பகலில் நோக்காடு கண்டது. கிட்டே வரக்கூடாதென்ற கட்டுப்பாட்டின்படி பாப்பாத்தி கொட்டகை வேலிக்கு வெளியில் நின்று, இப்படிப் பிடி, அப்படிச் சாய் என்று கத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை குறுக்கே நிற்கிறது என்று பழனாயி அழுததும், ஊரையும் ஊர்க்கட்டுப்பாட்டையும் சேர்த்து ஒரு வசவு வைதுவிட்டு வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தது. பாப்பாத்திக்கும் இருபது நாள் தனிக்கொட்டகை விதித்தார்கள். இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அவள் தன் பாயைக் கேட்டு அனுப்பினாள்.

தை பிறந்து, கீழே பிளேக்கு அடங்கிவிட்டது என்று சேதி வந்தது. அதற்குள் தனியிருப்பு முடிந்து அவர்கள் ஊருக்குள்ளேயே ஒரு குடிசைக்கு வந்திருந்தார்கள். வெங்கிடுசாமி அன்றைக்கே பலாமரத்தடிக்குப் போனார். மரச்சாமானும் துணியும் சாம்பலாகிக் கரைந்துவிட்டிருந்தன. பித்தளை மட்டும் கறுத்து, நெளிந்து, குவியலாகக் கிடந்தது. எண்ணினார். நூற்று நாற்பத்தொன்று. இரண்டு மாதம் நடுப்பாதையில் கிடந்த பித்தளையில் ஒரு கரண்டியைக்கூட எவனும் திருடவில்லை. அவர் முகம் சுண்டித் திரும்பிவந்தார். தம் மேல் காறித் துப்பியதுபோல் இருந்தது அவருக்கு.

துலக்கித் தருகிறாயா என்று பழனாயியைக் கேட்கவில்லை. அந்தளவுக்கு அவருக்கும் புத்தி வந்திருந்தது. செய்த உபகாரத்துக்கு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊரைக் கூப்பிட்டார். செங்கோடன் தலையைச் சொறிந்தான். மற்றவர்கள் மலையுச்சியைப் பார்த்தார்கள். அண்டாவையே தருகிறேன் என்று பாப்பாத்தியிடம் வந்தார்.

"வெச்சுக்கிட்டாத் துலக்கோணுமில்லீங்க" என்றாள் பாப்பாத்தி. அவர் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு அவளுக்கே பாவமாகிவிட்டது. "ஊசி இருந்தாக் குடுங்க. இந்தக் கம்பளி கிழிஞ்சு கெடக்குது. ஊசி ஒண்ணு வேணும்னு நாலு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கறேன்."

வெங்கிடுசாமி பாய்ந்து போனார். சாம்பலைக் கிளறினார். பூட்டுகள் கிடைத்தன, சாவிகள் கிடைத்தன, சேணத்தின் இரும்பு வளையங்கள் கிடைத்தன. முன்னூற்றுப் பதினெட்டில் ஊசி இருந்ததா என்று உட்கார்ந்து யோசித்தார். இருக்கவில்லை. அவருடைய வீட்டில் எப்போதும் பக்கத்து வீட்டில்தான் ஊசி வாங்கித் தைப்பார்கள்.

கீழே போனதும் வண்டி அனுப்பிப் பித்தளையை எடுத்துக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இறங்குவதற்கு முந்தின நாள் ஊர்ப் பெண்கள் வந்தார்கள். பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தை, கீழே வீட்டில் என்ன இருக்கிறதோ என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். இரண்டு பானை, ஒரு முறம், மூங்கில் தட்டு, சுரைக்குடுக்கை, பாய், அகப்பை மூன்று. எல்லாவற்றையும் வைக்க ஒரு கூடை. வேண்டாமென்றால் மனசு நோகும். பழனாயி வாங்கி வாங்கி மூலையில் வைத்தாள். மூலை நிறைவதைப் பார்க்கப் பார்க்க அவள் அடிவயிற்றிலிருந்து பழைய குமட்டல் கிளம்பியது. வெங்கிடுசாமி பக்கத்தில் வந்து நின்று குவியலை ஒருமுறை பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வெளியே எழுந்து போய்விட்டாள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். முன்னால் குழந்தையோடு ஆத்தாயி, அடுத்துப் பழனாயி, கூடையைத் தலையில் சுமந்துகொண்டு கடைசியில் வெங்கிடுசாமி. பாதை ஊர் நடுவே போய்ப் பிறகு பலாமரத்துக்கு இறங்கும். சனம் காட்டு வேலைக்குப் போய்விட்டிருந்ததால் வீடுகளில் ஆளரவம் இல்லை.

"அண்டாவுக்கு வண்டி எப்ப அனுப்பறீங்க?" என்று திரும்பாமலே கேட்டாள் பழனாயி.

"நடங்க, வெயில் ஏறுது" என்றார் அவர். வெயில் இன்னும் வரவேயில்லை, தூறல்தான் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஒவ்வொரு வீட்டருகிலும் நின்று நின்று வருவதுபோல் இருந்தது. கடைசி வீட்டைத் தாண்டியும் ஆள் வராததால் அவள் திரும்பிப் பார்த்தாள். வெங்கிடுசாமி அந்த வீட்டு வாசலில் குனிந்து நின்றார். கூடையில் ஒன்றும் இல்லை. அதை இரண்டு கையாலும் பிடித்து, தூறலில் உள்பக்கம் நனையாதபடி கவிழ்த்து, வாசற்படிமேல் வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தபடி பின்னுக்கு நடந்தார்.